பழைய பியட் காருக்கு மறுபிறவி உண்டா?

மும்பை செம்பூரில் ஒரு நான்கு மாடிக் கட்டிடம். கீழே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூலையில், தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நிற்கிறது. நான்கு சக்கரங்களிலும் காற்று இல்லை. தார்ப்பாயின் மேல் பூனை ஒன்று குட்டிகளுடன் படுத்திருக்கிறது.

அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். குடியிருப்போர் எல்லோரும் காலி செய்ய வேண்டும். சொசைட்டி ஒட்டிய நோட்டீசின் கடைசி வரியில், "வளாகத்தில் நிற்கும் ஓடாத வாகனங்களை உரியவர்கள் 30 நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்" என்று இருந்தது.

ஓடாத வாகனம் அங்கே ஒன்றே ஒன்றுதான். 1969-ம் ஆண்டு 'பியட் 1100 டிலைட்'.

காருக்கு உரியவர் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக வேலை பார்த்தவர். 1978-ல் அந்தக் கம்பெனி மானேஜர் ஓய்வு பெற்றபோது, தன் காரைத் தவணை முறையில் ஸ்டெனோவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டெனோ வீட்டில் கார்! லோக்கல் ரெயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய சங்கதி என்பதைப் பம்பாய்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காரில் ஐந்து பேர் திருச்செம்பூர் முருகன் கோவிலுக்குப் போனார்கள். லோனாவ்லா மலைப்பாதையில் எஞ்சின் கொதித்து, ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்து வந்ததும் அதே காரில்தான். 2009 வரை ஓடியது. 2011-ல் பெரியவர் காலமானார். அதன் பிறகு தார்ப்பாயை யாரும் எடுக்கவில்லை.

இப்போது 30 நாள் கெடு. மீட்பதா, காயலான் கடைக்குப் போடுவதா?

வீட்டில் மூன்று கட்சி

மகன் கணக்குப் பார்ப்பவர். "அப்பா, இதுக்குக் கொட்டற பணத்துல புதுசா ஒரு சின்ன கார் வாங்கிடலாம்" என்றார். திருநெல்வேலியில் இருக்கும் தங்கை, "அண்ணே, அப்பா வண்டிய வித்துராதீங்க. லாரியில ஏத்தி ஊருக்கு அனுப்பிருங்க. இங்க தொழுவத்துல இடம் கிடக்கு" என்று போன் செய்தார். 88 வயதுத் தாயார் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பதோடு சரி.

பங்கார் கடைக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். எடைக்கு என்ன உண்டோ அதுதான் என்றார். "பெட்ரோல் டாங்கி இருக்குதா, கழட்டிட்டாங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். ஓய்வு பெற்றவருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கையில் இருப்பது ஓய்வுப் பணம். வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது. மனம் ஒரு பக்கம் இழுத்தது. பாஸ் புத்தகம் மறு பக்கம் இழுத்தது.

குர்லாவில் பிறந்த கார்

வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, குர்லா தொழிற்சாலையில் இத்தாலியின் பியட் காரைத் தயாரித்தது. 1089 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். கியர் தண்டு ஸ்டீயரிங்கின் பக்கத்திலேயே இருக்கும். 1960-களில் இதை வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1970-களில் இதுவே 'பிரீமியர் பிரசிடென்ட்' ஆகி, பிறகு 'பிரீமியர் பத்மினி' ஆனது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சி என்றாலே இதுதான். 2003-ல் பதிவான கடைசி பத்மினி டாக்சி, 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர், குர்லாவில் பியட், சென்னையை அடுத்து வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. இந்த மூன்றில் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. அதற்கு அடியில் தனி சேசிஸ் இருந்தது. நாலு போல்ட்டைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கீழே வேலை பார்க்கலாம். பியட்டும் அம்பாசிடரும் அப்படி அல்ல. அவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, பக்கவாட்டுப் பெட்டித்தகடு, தூண், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த கூடுதான் வண்டியின் எலும்பு. தகடு போனால் எலும்பு போனதாக அர்த்தம்.

துருப்பிடித்த காரைப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பார்த்து மலைக்கிறார்கள், அல்லது பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இரண்டுமே தவறு.

காந்தமும் ஸ்குரூ டிரைவரும்

தாராவி லேபர் கேம்ப்பில் இருந்து ஒரு டிங்கரை அழைத்து வந்தார்கள். அவரும் நெல்லைக்காரர்தான். நாற்பது வருடமாகத் தகடு தட்டுகிறவர். கையில் பெரிய பெட்டி எதுவும் இல்லை. துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச், ஒரு சின்ன ஜாக்கி. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்தார். "எஞ்சின் இறுகிப் போயிருக்கு. பிளக்கைக் கழட்டி உள்ளே எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊற வச்சாச் சுத்துமா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, எஞ்சினை அப்புறம் பாப்போம். எஞ்சின் கெட்டா எஞ்சினை இறக்கிச் செய்யலாம். வேற எஞ்சின் கூடக் கிடைக்கும். இந்தத் தகடு கெட்டா எங்க போவீங்க?" என்றபடி டிங்கர் தரையில் படுத்தார்.

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற பெட்டித்தகடு ஒன்று உண்டு. அதில் காந்தத்தை வைத்தார். முன்னால் ஒரு சாண் தூரம் ஒட்டியது. பிறகு நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. காந்தம் இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. எப்போதோ ஒரு பட்டறையில் தகடு மாற்றுவதற்குப் பதிலாக, ஓட்டைக்குள் பைபரையும் பட்டியையும் அடைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்! பெரியவர் அதற்கும் பில் கொடுத்திருப்பார்.

அடுத்து ஸ்குரூ டிரைவர். அதை வைத்துக் குத்திக் கிழிக்க வேண்டியதில்லை. பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீர் என்று சத்தம் கொடுக்கும். துரு தின்ற தகடு பொத்தென்று கேட்கும். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் மிதியடியை எடுத்தபோது தகடே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் கீழே சிமென்ட் தரை தெரிந்தது.

பிறகு டிக்கி. ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் நின்று காய்ந்த வட்டம். அதற்கு முன்னால், பின்சக்கரப் பட்டை ஸ்பிரிங்கைக் கூட்டோடு மாட்டும் இடம். இந்த இடத்தில் டிங்கர் நெடுநேரம் டார்ச் அடித்தார். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் விரலால் அழுத்தியபோதே செதில் செதிலாக உதிர்ந்தது. ஓடும்போது அந்த இடம் பிய்ந்தால் பின் அச்சே விலகிவிடும். கோவிலுக்குப் போகிற கார் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

கடைசிப் பரீட்சை ஜாக்கி. பெட்டித்தகட்டின் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்து, ஜாக்கியை மெதுவாக ஏற்றினார். கார் எழும்பவில்லை. ஜாக்கிதான் தகட்டுக்குள் ஏறியது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் எழும்பியது. ஆனால் அதற்குள் பின்கதவின் இடைவெளி குறுகி, கதவு தூணில் உரசியது. கூடு வளைகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

துரு எப்படி இவ்வளவு தின்றது?

கார் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அது வேகம் பிடிக்கும். கடலும் கழியும் சூழ்ந்த மும்பையில் காற்றே உப்புக் காற்று. அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை.

துரு வெளியிலிருந்து உள்ளே போவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. கதவின் அடியிலும் பெட்டித்தகட்டின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்னத் துவாரங்கள் வைத்திருப்பார்கள். இலையும் தூசியும் அவற்றை அடைத்துக்கொள்ளும். உள்ளே ஈரம் தங்கும். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே இரண்டு தகடு சேருகிற இடத்தில் உட்கார்ந்து அவற்றைப் பிளக்கும். பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

தார்ப்பாய் போட்டுப் பாதுகாத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். டிங்கர் சிரித்தார். தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய தார்ப்பாய், ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். திறந்து கிடந்திருந்தால்கூட வெயிலில் உலர்ந்திருக்கும். அன்போடு போர்த்தியதே வினையானது.

மீட்கவே முடியாதா?

முடியும். "செய்ய முடியாத வேலைனு ஒண்ணு கிடையாது அண்ணாச்சி. செஞ்சா என்ன ஆகும்ங்கிறதுதான் கேள்வி" என்றார் டிங்கர்.

கதவுகளைப் பூட்டி, உள்ளே குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்துக் கூட்டை இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பெட்டித்தகட்டை வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. பின்பு ஒரு பக்கம் வெட்டி, 20 கேஜ் தகட்டை மடித்துப் பொருத்தி, அடுத்த பக்கம் போக வேண்டும். தரைத்தகடு முழுதும் புதிது. ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குக் கனத்த தகடு. உள்ளே ரெட் ஆக்சைடு, மெழுகு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயிண்டர் வருவார். அதற்கும் பிறகுதான் எஞ்சின், பிரேக், ஒயரிங், ரப்பர் பீடிங், குரோமியம் முலாம், சீட்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். ஆகவே டாங்கி முதல் கார்புரேட்டர் வரை குழாய்களையும் மாற்ற வேண்டும்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு டிங்கர் தொகை சொல்லவில்லை. நியாயமான டிங்கர் யாரும் சொல்ல மாட்டார்கள். பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் மீதித் துரு கண்ணுக்குத் தெரியும். முதல் நாளே மொத்தத் தொகை சொல்லி முன்பணம் கேட்கிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பாதியில் நின்றுபோன கார்கள் ஒவ்வொரு பட்டறையின் பின்பக்கமும் கிடக்கின்றன. பணம் தீர்ந்து கைவிடப்பட்டவை அவற்றில் அநேகம்.

தகட்டைவிடக் காகிதம் முக்கியம்

மகன் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தார். பதிவு 2010-லேயே காலாவதி. பெயரும் தாத்தா பெயரிலேயே இருந்தது.

உரிமையாளர் காலமானால் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் காருக்கு ரூ.5 ஆயிரம் கட்டணம். 20 ஆண்டு கடந்த காருக்கு 2025-ல் அதை ரூ.10 ஆயிரமாக உயர்த்தினார்கள். காலதாமதத்துக்கு மாதம் ரூ.500 வேறு. வண்டி தகுதிச் சோதனையிலும் தேற வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார், மோட்டார் சைக்கிள்களுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு ரூ.20 ஆயிரம், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். ஏற்கனவே எண் உள்ள வண்டி அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

1969 கார் என்பதால் வயதுத் தகுதி இருந்தது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. மகன் விதியை மேலும் படித்தார். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. பாதிக் கூட்டைப் புதுத்தகட்டில் கட்டினால் அதிகாரி என்ன சொல்வாரோ? அதுமட்டுமல்ல, இந்தப் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய்வரலாம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

"வேற நல்ல கூடு ஒண்ணு வாங்கி, நம்ம நம்பரை அதுல போட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அது களவாணி வேலை அண்ணாச்சி" என்றார் டிங்கர். தனி சேசிஸ் இல்லாத காரில் எண் கூட்டோடு சேர்ந்தது. அதை வெட்டி வேறு கூட்டில் ஒட்டுவது குற்றம். அப்படி ஒட்டிய கார்களை விற்பவர்கள் உண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் எண் அடித்த தகட்டைச் சுற்றிப் புதுப் பற்றவைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

தங்கை சொன்னபடி ஊருக்கு அனுப்புவதையும் யோசித்தார்கள். அங்கே காற்று உலர்ந்தது, துரு மெதுவாகும். ஆனால் நிற்காது. மும்பைத் தொட்டி ஓரத்தில் தள்ளிப்போட்ட முடிவைத் திருநெல்வேலித் தொழுவத்தில் தள்ளிப்போடுவதுதான் மிச்சம். லாரி வாடகையும் தண்டம்.

தாயார் கேட்ட கேள்வி

அன்று மாலை டிங்கர் மாடிக்கு வந்து காபி குடித்தார். தாயார் முதல் முறையாக வாய் திறந்தார்.

"தம்பி, இது உங்க அப்பா வண்டியா இருந்தா என்ன செய்வீங்க?"

டிங்கர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆச்சி, இந்த வண்டியோட கண்ணாடி நாலும் நல்லா இருக்கு. கியர் பாக்ஸ் நல்லா இருக்கு. மீட்டர் போர்டுல ஒரு கீறல் இல்ல. கதவுல மூணு தேறும். இந்தச் சாமானெல்லாம் இப்ப கடையில கிடைக்காம அலையறவங்க இருக்காங்க. கூடு நல்லா இருந்து சாமான் இல்லாத வண்டிக்கு இதக் குடுத்தா அது ஓடும். இந்தக் கூட்டைக் கட்டினா பணம் போகும், ரோட்டுல உசுருக்கும் உத்தரவாதம் இல்ல. என் அப்பா வண்டியா இருந்தா பிரிச்சுக் குடுத்துருவேன்."

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் அதற்குச் சம்மதித்தார். அந்த இரண்டு நாளும் அவர் கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

முடிவு எடுத்த பிறகும் வேலை இருந்தது. எண் அடித்த கூட்டையும் எஞ்சினையும் பிரிக்க வேண்டாம் என்று டிங்கர் சொல்லிவிட்டார். மற்றச் சாமான்களைப் புனேயில் 1971 மாடல் பியட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். மீதிக் கூடு, அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குப் போனது. அங்கே கொடுத்த சான்றை வைத்துப் பதிவை ரத்து செய்தார்கள். எடைக்குக் கேட்ட பங்கார் கடைக்காரரிடம் அப்படியே தள்ளியிருந்தால் ஆர்.சி. தாத்தா பெயரிலேயே உயிரோடு இருந்திருக்கும். அந்த எண்ணில் வேறு எவனாவது ஒரு வண்டியை ஓட்டினால் போலீஸ் செம்பூர் வீட்டைத் தேடி வந்திருக்கும்.

நோட்டீசின் 27-வது நாள் கிரேன் வந்து கூட்டைத் தூக்கியது. இடது பின்பக்கம் தரையிலேயே ஒரு கைப்பிடி துரு கொட்டியது. பூனைக்குட்டிகளை வாட்ச்மேன் ஏற்கனவே அட்டைப் பெட்டிக்கு மாற்றியிருந்தார்.

புனேக்காரரின் கார் கடந்த மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. ஸ்டீயரிங்கில் இருக்கும் கியர் தண்டும், மீட்டர் போர்டும், இடது முன்கதவும் செம்பூர்க் காருடையவை. ஒருநாள் வந்து ஓட்டிப் பாருங்கள் என்று அவர் போன் செய்தார். ஓய்வு பெற்றவர் இன்னும் போகவில்லை. தாயார் மட்டும், "எப்பப் போறோம்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.